மே டன்னி

வேட்டிக் கரையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. உடுப்பை வாங்கிப்போக சவச்சாலையிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆள்தான் என்று நினைத்து, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சிவனேஸ்வரி ஆங்கிலத்தில் குரல் கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் இளம் பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"மன்னிக்க வேண்டும், திருமதி விக்னராஜா. இன்றைக்குத் தகனம் என்று தெரியும். மரங்காவிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். ஒரேயொரு கேள்விதான். மரண விசாரணை அதிகாரிக்குத் தேவையாம்."

அவள் கணவர் விக்னராஜா போன சனிக்கிழமை மரங்கா என்ற அந்தத் தெற்கத்திய சிற்றூரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் விழுந்து செத்துப்போனார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் விழும்போது கல்லில் மோதி நெற்றி பிளந்திருந்தது. அதனால்தான் இத்தனை கேள்விகள்.

"உங்கள் கணவரைக் கண்டெடுத்தது அங்கே புல் வெட்டுகிற கிழவர். அப்போது உயிர் இருந்ததாம். ஒரு பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்." பொலிஸ்காரர் தரையைப் பார்த்தார். "மே டன்னி. அந்தப் பெண் கூட இருந்திருந்தால் ஒரு வாக்குமூலம் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தவரா?"

"தெரியாது."

"குடும்ப நண்பர் யாராவது…"

"தெரியாது என்று சொன்னேன்."

அவர் போனபிறகுதான் கருகல் மணம் தெரிந்தது. வேட்டிக் கரையில் பழுப்பாக ஒரு சூடு விழுந்திருந்தது. வேறு வேட்டி தேடாமல், சூடு உள்ளே போகும்படி மடித்து வைத்தாள்.

"பொலிஸ் என்னவாம் அக்கா?" குசினி வாசலில் ரஞ்சிதம் நின்றாள். விக்னராஜாவின் தம்பி ஆனந்தராஜாவின் மனைவி. எவ்வளவு நேரம் நின்றாளோ.

"ஒண்டுமில்லை."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அதில் ஒருநாள்கூட அந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர்கள் பக்கத்து ஆண்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று அவளும் விட்டிருந்தாள். இப்போது சாகிற நேரத்தில் ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். வெறும் பெயர்கூட இல்லை. அப்பன் பெயரோடு சேர்த்து, முழுப்பெயர்.

யாரோ ஒரு செத்தவளாகத்தான் இருக்கும் என்று முதலில் தோன்றியது. விக்னராஜா பகலில் உயர்பள்ளியில் சரித்திரம் படிப்பித்தார். மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வு எழுதினார். போன நூற்றாண்டில் மரங்காவைச் சுற்றிய நாட்டுப்புறத்தில் அடிபட்டும் சுடுபட்டும் மூழ்கியும் செத்தவர்களைப் பற்றி, அந்தச் சாவுகளுக்கு நடந்த விசாரணைகளைப் பற்றி. சனிக்கிழமை தவறாமல் ரயிலேறிவிடுவார். திரும்பி வந்து புட்டைப் பிசைந்துகொண்டே தொடங்குவார்.

"மாட்டுக்காரன் ஒருத்தன்ர பெண்சாதி. காறை எலும்பு ரெண்டும் முறிஞ்சு கிடக்கு. கிணத்துக்க தவறி விழுந்தவவாம். விசாரணை எங்க நடந்தது தெரியுமோ? சாராயக் கடையில. பிணம் பின்னறையில, ஜூரிமார் முன்னறையில. புருசன்தான் எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தவன்."

"பிறகு?"

"பிறகென்ன. ஆண்டவன் செயல் எண்டு தீர்ப்பு. அந்தப் பிள்ளைக்காக ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேல்லை."

அவர் குரல் தழுதழுக்கும். சிவனேஸ்வரி கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். நூறு வருடத்துக்கு முன் செத்தவளுக்கு எந்த எலும்பு முறிந்தது என்று அவருக்குத் தெரியும். போன வருடம் பரமட்டா ஆஸ்பத்திரியில் தன் மனைவிக்குப் போட்ட தையல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் யோசிப்பார். ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உமக்குப் பொறாமைப்பட உயிரோட ஒருத்தியும் கிடைக்கேல்லையே?"

"உயிரோட இருந்தா நேர போய் ரெண்டு கேள்வி கேட்டிருப்பன். இவளவையிட்ட எங்க போய்க் கேக்கிறது?"

கடைசிச் சனிக்கிழமையும் போகுமுன் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். அவள் குழாயை முழுவதும் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். அவர் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. சற்று நேரத்தில் கேற் சாத்தும் சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்குள் செவன் ஹில்ஸில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் வந்துவிட்டன. பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு வழிகாட்டிய ஹெலன் பிரைஸ் வெள்ளைப் பூக்களோடு வந்தார். ஒரு காலத்தில் சிவனேஸ்வரி இந்தப் பெயரைக் கேட்டே நித்திரை தொலைத்திருக்கிறாள். நேரில் பார்த்தால் அறுபது வயதைத் தாண்டியவர், காதில் கருவி. அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"அவருடைய அந்த விசாரணைகளில் மே டன்னி என்று ஒரு பெண் இருக்கிறாளா?"

ஹெலன் கருவியைத் தொட்டுக்கொண்டு பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதைத் தன் வாயால் இரண்டாம் தடவை சொல்வது சிவனேஸ்வரிக்குக் கசந்தது.

"இல்லை அம்மா. எல்லாவற்றையும் அவரோடு நானும் படித்தேன். மே என்று யாருமில்லை. டன்னி என்ற குடும்பமே அங்கே இருந்ததில்லை."

அப்படியானால் உயிரோடு இருக்கிறவள்.

குசினிக்குள் புருசனிடம் ரஞ்சிதத்தின் குரல் தாழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது. "சனிக்குச் சனி அந்தக் காட்டுக்க அப்பிடியென்ன வேலை? நான் அப்பவே உங்களிட்டச் சொன்னனானெல்லோ?"

"வாயை மூடும். செத்த வீடு."

"நானோ சொன்னனான்? பொலிஸ்காரன் சொல்லிப்போட்டுப் போறான்."

சற்றுக் கழித்து ஆனந்தராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அண்ணி, வெளிக்கிடுங்கோ. அண்ணையை நேர ரூக்வுட் சுடலைக்குக் கொண்டு வாறாங்கள்."

"நான் வரேல்லை."

"என்ன?"

"எங்கட பக்கத்தில பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை."

"இது ஊரோ அண்ணி? இஞ்ச சுடலைக்குள்ள கம்பளம் விரிச்சுக் கதிரை போட்டு வைச்சிருக்கிறாங்கள். எல்லாப் பொம்பிளையளும் போகினம்."

"கதிரை போட்டாப்போல சுடலை இல்லையெண்டு ஆகிடுமே? நீங்கள் போட்டு வாங்கோ."

கூடத்தில் யாரோ ஒரு பெரியவர், இந்த நாட்டுக்கு வந்தும் முறை மாறாத பிள்ளை என்று மெச்சிக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சுடலையில் கடைசி வரிசையில் தொப்பி வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து நிற்பாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பாள். அவள் வந்து அழுதுகொள்ளட்டும். அவளோடு ஒரே கூரையின் கீழ் நின்று முறை வைத்து அழ முடியாது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கார்களுக்குப் போனார்கள். சிவனேஸ்வரி குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ நின்றாள். ரஞ்சிதம் கண்ணாடி முன்னால் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து கதிரை தூக்கிக் களைத்த ஆனந்தராஜா முன்படியில் குந்தி, கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே உள்ளே குரல் கொடுத்தான். தமையனின் குரல் அப்படியே அவனுக்கு.

"மெய்யே… தண்ணி."

"வாறன், வாறன். ஒரு நிமிசம் நிண்டு சேலை கட்ட விடுறாரில்லை," என்றாள் ரஞ்சிதம்.

சிவனேஸ்வரியின் கையில் கோப்பை அப்படியே நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்சாதியின் பெயரைச் சொல்லாத அவர்கள் பக்கத்து ஆண்கள் கூப்பிடுகிற முறை அது. மெய்யே, சாவி எங்கே. மெய்யே, ஆரோ வந்திருக்கினம். பதினெட்டு வருடம் மேசையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் கேட்டுக்கேட்டு, ஒரு சொல் என்றே காதில் விழாமல் போயிருந்தது. பொலிஸ்காரர் அந்தப் பெயரை உச்சரித்த விதத்தில் மனதுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்: மே… டன்னி. பிறகு புல் வெட்டுகிற ஒரு கிழவர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

குழாயை மூடினாள்.

அவர் அறைக்குப் போனாள். மேசையில் கடதாசிகளுக்கு நடுவே அவர் தண்ணி குடிக்கிற எவர்சில்வர் பேணி சனிக்கிழமை இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே காய்ந்திருந்தது. அதை எடுத்து வந்து கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

"அக்கா, இவருக்கு நான் குடுத்திட்டன்," என்றாள் ரஞ்சிதம்.

சிவனேஸ்வரி பேணியை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டு முன்வாசலால் இறங்கினாள். படியில் இருந்த ஆனந்தராஜா எழுந்து வழிவிட்டான்.

"அண்ணி?"

"காரைத் திறவும்."

"வாறியளோ? அப்ப… முறையெண்டு சொன்னியள்."

அவள் பின்கதவருகே போய் நின்றாள். அவன் ஓடிவந்து திறந்துவிட்டான். ரஞ்சிதம் மறுபக்கத்தால் ஏறி, பேணியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, தண்ணியோட? அங்க குழாய் இருக்கும்தானே?"

ஆனந்தராஜா கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டினான். சிவனேஸ்வரி பேணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ரயில்பாதையைக் கடக்கையில் கார் குலுங்கியது. அவள் உள்ளங்கையால் பேணியின் வாயைப் பொத்திக்கொண்டாள்.