முழங்காலில் இரண்டு தட்டு

“மனுஷ ஜாதியில ரெண்டே வகைதான். மரத்து மேல உக்காந்து மானைச் சுடுறவன் ஒருத்தன். துணிக் கூடாரத்துக்குள்ள உக்காந்து குடும்பம் நடத்துறவன் இன்னொருத்தன்.”

தம்பியைப் புதைத்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காகிதத் தட்டில் பன்றித்தொடை இறைச்சி வைத்த ரொட்டியை ஏந்தியபடி ஆரின் இதைச் சொன்னார். ஒவ்வொரு நவம்பரிலும் சொல்லிவந்ததுதான். என்ன சொல்வது என்று தெரியாதபோது பழகியதுதான் வாயில் வருகிறது. மான் வேட்டைப் பருவத்தில் நடந்த சாவு என்பதால், வந்தவர்களில் பாதிப்பேர் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு நின்றார்கள். பாதிரியார் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய அங்கிக்குக் கீழேயும் வேட்டை பூட்ஸ்தான் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி வெண்டல் செத்தது அப்படியொரு கூடாரத்துக்குள்தான்.

வெண்டலின் மகள் டில்லிக்கு இதுதான் முதல் வேட்டைப் பருவம். ஒன்பது வயதுப் பிள்ளையை மரத்தில் ஏற்ற வெண்டலுக்கு மனமில்லை. சோளக்காட்டு ஓரத்தில் மறைவுக் கூடாரம் ஒன்றை அடித்து, உள்ளே இரண்டு மடக்கு ஸ்டூல்களைப் போட்டான். மானுக்குக் காது கூர்மை, அதனால் உள்ளே பேச்சு கிடையாது. முழங்காலில் ஒரு தட்டு தட்டினால் மான் வந்திருக்கிறது, அசையாதே என்று பொருள். இரண்டு தட்டு என்றால் போய்விட்டது, இனிப் பேசலாம். மிட்டாய்க் காகிதம் சரசரக்கும் என்று வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பருவத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஆரின் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி தந்தி ஆபீஸ் திறந்திருக்கான். மிட்டாய்க்கெல்லாம் சட்டையக் கழட்டிக் கூட்டிட்டுப் போறான்,” என்றார். வெண்டலும் சிரித்தான். மேஜைக்கடியில் டில்லியின் முழங்காலை அவன் இரண்டு முறை தட்டியதும் அவளும் சிரித்தாள்.

மறுநாள் மதியம் ஆகியும் சூப் குடிக்க அவர்கள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆரின் மரத்திலிருந்து இறங்கி, காட்டைக் கடந்து போய், கூடாரத்துக்கு வெளியே நின்று முழுக் குரலில், “வீட்டுல யாரும்மா? காப்பி ஆச்சா?” என்று கேட்டார். ஜிப்பை இழுத்தார்.

டில்லி உதட்டில் விரலை வைத்து அவரை முறைத்தாள். பக்கத்தில் வெண்டல், தாடை நெஞ்சில் படிய உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அவளுடைய போர்வை.

மாரடைப்பு, விடிந்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு டில்லி வாய் திறக்கவே இல்லை. அம்மா கேட்டாள், பாதிரியார் கேட்டார், பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண்மணி பொம்மையை வைத்துக் கேட்டாள். எல்லோரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் நுனிக்காலில் நடந்து வந்தாள்.

காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் வெண்டலின் மனைவி மார்லிஸ் ஆரினிடம் வந்து நின்றாள்.

“அவ எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கா. எதுக்குன்னுதான் தெரியல.”

எதற்கு என்று ஆரினுக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே சர்க்கரை போட்ட காப்பியில் மறுபடி சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

வீட்டுக்குத் திரும்பிய சற்று நேரத்தில் டில்லியைக் காணவில்லை. பின்வாசலில் அவள் பூட்ஸும் இல்லை. மார்லிஸ் கோட்டைத் தேடினாள்.

“நீ இரு. நான் போறேன்,” என்றார் ஆரின்.

கூடாரம் அப்படியே நின்றது. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் காலை வைத்தால் என்னைச் சுட்டுவிடுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர், சாவுக்குப் போட்ட கால்சட்டையோடு சோளத் தட்டைகள் மேல் முட்டிபோட்டு உள்ளே நுழைந்தார். பின்னால் ஜிப்பை ஒவ்வொரு பல்லாகக் கீழே இறக்கி மூடினார். டில்லி உதட்டில் விரலை வைத்தாள். அவர் தலையாட்டினார். தம்பியின் ஸ்டூல் அவர் கனத்துக்கு முனகியது.

கூடாரத்தின் சன்னல் வலைக்கு வெளியே லேசாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு பெட்டை மான் மரங்களுக்குள்ளிருந்து வந்து, உதிர்ந்த சோளத்தை மோந்து பார்த்தது. ஆரின் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டில்லி மானைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மான் தின்று முடித்து, வால் தூக்கி, மரங்களுக்குள் போனது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்தார். கையுறையைக் கழற்றி, அவள் முழங்காலில் இரண்டு முறை தட்டினார்.

டில்லி விரலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

“அப்பா ஒரு தட்டுதான் தட்டுனாரு, பெரியப்பா.” குரல் கரகரத்தது. “நான் அசையவே இல்ல. அவரு கை சில்லுன்னு இருந்துச்சுன்னு போர்வைய மட்டும் போத்திவிட்டேன்.”

“தெரியும்மா,” என்றார். கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். காகிதத்தை வரும் வழியிலேயே பிரித்துவிட்டிருந்தார்.