கம்போடியாவுக்குப் போகிற பல்

என் புருஷன் என்னை அடித்த கதையை மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று பாஸ்டர் ஹிலாரியோ சொல்லிவிட்டார். கம்போடியாவில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருவர் அந்த ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வாராம். அதனால் என் புருஷன் அன்சோ ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தது.

ஆலை நின்று கரும்பு வேலை இல்லாத மாதம் அது. எங்கள் தோட்டத்தில் அதைச் செத்த காலம் என்போம். ஊழியத்துக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் உபவாசம் இருக்க வேண்டும் என்று சபையில் அறிவித்தபோது பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். செத்த காலத்தில் நாங்கள் எப்போதும் இருப்பதுதான். இந்த முறை ஜெபமும் சேர்ந்துகொண்டது.

சாயங்காலப் பயிற்சியில் அன்சோ முன்னால் நிற்பார். திருப்பிச் சொல்கிறவருக்குப் பதிலாக மனாங் புரிங் பக்கத்தில் நிற்பாள். பயணக் குழுவுக்குச் சமைக்கப் போகிறவள் அவள். எங்கள் எல்லாருக்கும் மனாங், அதாவது அக்கா. நான் முதல் பெஞ்சில். என் இடம் அதுதான் என்று பாஸ்டரே காட்டியிருந்தார்.

"நான் கரும்பு வெட்டுறவன்," என்றார் அன்சோ.

"கொழ கொழ கொழ," என்றாள் புரிங்.

"நான் தினமும் குடிச்சேன்."

"கொழ கொழ. ரொம்பக் கொழ கொழ."

சபை சிரித்தது.

"ஒரு ராத்திரி என் பொண்டாட்டியோட பல்ல உடைச்சேன்."

புரிங் கொழ கொழ சொல்லவில்லை. இருமிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"எதால உடைச்ச? அதச் சொல்லணும் பிரதர்," என்றார் பாஸ்டர்.

"வெட்டுக்கத்தி. அதோட பிடியால."

"கத்தின்னு மட்டும் சொல்லு. பிடிய விளக்கிட்டிருந்தா நேரம் போயிடும். அங்கயும் வயல்ல வேல செய்றவங்கதான். கத்தின்னா புரிஞ்சுக்குவாங்க."

அன்சோ என்னைத் திரும்பிப் பார்த்தார். பிடிதானே என்று கேட்கிற பார்வை. அந்த இரவு நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. போதை தெளிந்த பிறகு நான் அழுதுகொண்டே சொன்னதைத்தான் மனப்பாடம் செய்து சாட்சியாக்கி வைத்திருக்கிறார். முதலில் பல் என் வாயை விட்டுப் போனது. பிறகு அதன் கதையும் போனது.

டவுனில் பல் வைத்தியம் பார்க்கும் சபைக்காரர் ஒருவர் எனக்குச் சும்மாவே பல் கட்டித் தருகிறேன் என்றார். பாஸ்டர்தான் தடுத்தார். "கொஞ்சம் பொறுத்துக்க சிஸ்டர். அனுப்புற ஞாயித்துக்கிழமை உன்னப் போட்டோ எடுக்கணும். அங்க காட்டணும்ல." கெட்ட மனிதர் இல்லை. புயலில் எங்கள் கூரை பறந்தபோது தகரத்தைத் தலையில் சுமந்து வந்து, மேலே ஏறி ஆணி அடித்தவர். அதனால்தான் அவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை.

வீட்டிலும் அன்சோ சுவரைப் பார்த்து நின்று பழகுவார். நான் மகளுக்கு வேகவைக்க மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். உபவாசம் எங்களுக்குத்தான், அவளுக்கு இல்லை.

"பல்ல விட்டுருங்க," என்றேன். "குடிச்சேன், திருந்தினேன். அது போதாதா?"

"அது எல்லாரும் சொல்றதுதானே, லாங்கா." மனம் நல்லபடியாக இருந்தால் அவர் என்னை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்.

"அது என் பல்லு."

"உடைச்சது நான்தானே?"

"உடைச்சா உங்களுதாயிடுமா?"

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழங்குத் தோலை எடுத்து விரலில் சுற்றினார். "பயமா இருக்கு."

"விமானத்துக்கா?"

"போகாமப் போயிட்டா என்ன ஆகும்னு. நேத்து கடை வழியா வந்தேன். ரம் வாசம் அடிச்சுது. நான் கம்போடியா போறவன், நான் கம்போடியா போறவன்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். அந்தக் கடையத் தாண்ட எங்கிட்ட அத விட்டா வேற ஒண்ணும் இல்ல."

மிரட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் உள்ளதைச் சொன்னார். நான் கிழங்கைச் சீவினேன்.

எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. அனுப்பும் ஆராதனையில் போகிறவர் மண்டியிட வேண்டும். அவரால் காயப்பட்ட ஆள் அவர் தலையில் கை வைத்து, மன்னித்தேன், போய் வா என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். வீட்டில் பகையை வைத்துவிட்டுப் போகிறவனின் ஊழியம் விளங்காது என்பார்கள். போன வருஷம் சொந்தத் தம்பி வந்து சொல்லாததால் ஒருவர் கட்டிய மூட்டையைப் பிரித்தார்.

குழாயடியில் புரிங் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி என்கிற மாதிரி என்னை இந்தாய் என்பாள்.

"சொல்லிடு, இந்தாய். வாய் முன்னாடி போனா மனசு பின்னாடி வரும்."

"வண்டிய முன்னாடி தள்ளிவிட்டா எரும பின்னாடி வருமா, மனாங்?"

"எங்க வீட்டு எரும வராது. எங்க வீட்டு ஆளும் வரமாட்டான்." சிரித்தாள். வாளி நிரம்பியும் நகரவில்லை. "நீ சொல்லாட்டி அவன் போகமாட்டான். போகாட்டி குடிப்பான். குடிச்சா அடி யாருக்கு? எனக்கா?"

"சொன்னா கர்த்தர்கிட்டப் பொய் சொன்ன மாதிரி."

"பொம்பளைங்க பொய் அவருக்கு என்ன புதுசா?"

ஞாயிற்றுக்கிழமை அன்சோ மண்டியிட்டார். இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை முதுகில் இழுத்துப் பிடித்திருந்தது. போட்டோ எடுக்கிறவர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். கையை அன்சோ தலையில் வைத்தேன். சூடாக இருந்தது.

"போயிட்டு வாங்க," என்றேன். அது வந்துவிட்டது. மற்றது வரவில்லை.

"மன்னிச்சேன்," என்று பாஸ்டர் மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

மன்னிக்கவில்லை என்றால் கடை. மன்னித்தேன் என்றால் பொய். நடுவில் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அத நான் இன்னும் செய்யல, பாஸ்டர்," என்றேன். "செஞ்சேன்னு சொன்னா பொய். பல்லு இருந்த எடத்துக்கு நாக்கு தெனமும் போகுது. போனா ஞாபகம் வருது."

என் கைக்குக் கீழே அவர் தலை ஒருமுறை அதிர்ந்தது. முடிந்தது, மூட்டையைப் பிரிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். கடைக்காரன் முகம்கூட கண்ணில் வந்துபோனது.

பின்பெஞ்சில் ஒருவர் ஆமென் என்றார். பக்கத்தில் ஒருவர். பிறகு சபை முழுக்க. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

"பாருங்க. கர்த்தர் முன்னாடி பொய் சொல்லாத வீடு. இத விட சுத்தமான ஆயத்தம் உண்டா? நம்ம முறைய விட உண்மை பெருசு. பிரதர் அன்சோ போவான். இதையும் சாட்சியில சேத்துக்க பிரதர்."

என் வாய் திறந்தபடியே இருந்தது. போட்டோக்காரர் அப்போதுதான் எடுத்தார். பல் ஓட்டை படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது என்று பிறகு காட்டினார்.

அன்று சாயங்காலம் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அன்சோ சுவருக்கு எதிரே நின்றார்.

"என் பொண்டாட்டி என்ன இன்னும் மன்னிக்கல."

நிறுத்தினார். அந்த இடத்தில் கூடுதலாக நிறுத்தச் சொன்னாராம் பாஸ்டர். நிறுத்தியவர் மேலே போகவில்லை. என் பக்கம் திரும்பினார். எப்போதும் நான்தானே எடுத்துக்கொடுக்கிறவள்.

"அடுத்தது என்ன, லாங்கா?"

"அடுத்தது ஒண்ணும் இல்ல," என்றேன். "அதுவரைக்கும்தான் இருக்கு."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, உதட்டை அசைத்து, அதையும் மனப்பாடம் செய்துகொண்டார்.