மாப்பிள்ளைத் துப்பாக்கி

பெண் கேட்டு ஊருக்குப் படம் அனுப்பும்போது மாப்பிள்ளைமார் கையில் கடிகாரம் கட்டிக்கொள்வார்கள். குடை பிடித்து நிற்பவர்களும் உண்டு. மலாயாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காளியண்ணன் துப்பாக்கி பிடித்து நின்றான். கம்யூனிஸ்டுகளை அடக்க அங்கே அவசரகாலம் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டக் காவலுக்குப் போலீஸ் உடுப்போடு வந்திருந்த சிநேகிதன் அந்தோணிதாஸ், தோட்டாவைக் கழற்றிவிட்டு, படம் பிடித்து முடியும்வரை தன் துப்பாக்கியை இரவல் கொடுத்தான். நல்ல மனசு, பாவம்.

பெண் நல்லம்மாளின் அப்பா நாமக்கல் பக்கம் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறவர் என்று தரகர் சொன்னதால் வந்த வினை இது. காளியண்ணன் விடுவானா? படத்தின் பின்னால், 'இது என் சொந்தத் துப்பாக்கி' என்று தன் கையாலேயே எழுதிப் போட்டுவிட்டான்.

பதில் வந்தது. மாமனாராக வரப்போகிறவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. லைசென்ஸ் நகலை அனுப்பச் சொல்லியிருந்தார். இங்கே நாமக்கல்லில் கலெக்டர் காகிதம் இல்லாவிட்டால் மூன்று வருடம் உள்ளே தள்ளிவிடுவார்கள், அங்கே எத்தனை வருடம் என்றும் விசாரித்திருந்தார்.

காளியண்ணன் அந்தக் கடிதத்தோடு நேராகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி காப்ரியலிடம் போனான்.

“ஐயா, தோட்டத்து முத்திரை குத்தி ஒரு காயிதம் குடுங்க. துப்பாக்கி என்னுதுன்னு இருந்தாப் போதும்.”

கிராணி கடிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“எத்தனை வருசம்னா கேக்குறாரு உன் மாமனாரு? இங்க வருசமெல்லாம் கிடையாதுலா. அனுமதி இல்லாம வச்சிருந்தா கயிறுதான். இரவல் குடுத்தானே அந்தோணி, அவன் கதி என்னடா?”

ஊரில் பெருமையாக இருப்பது கடல் தாண்டினால் கழுத்துக்கு வரும் என்று காளியண்ணன் கண்டானா? உண்மையை எழுதினால் பெண் கிடைக்காது. எழுதாமல் விட்டு, அந்தப் படம் யார் கண்ணிலாவது பட்டால், இரண்டு கழுத்துக்கு ஆபத்து. மறுநாள் அவன் வெட்டிய மரமெல்லாம் கோணல். வேலை வாங்கும் மண்டோரின் ஏச்சுகூடக் காதில் ஏறவில்லை. ஒருமுறைகூடப் பார்க்காத நல்லம்மாள்மேல் அதற்குள் ஆசை வந்துவிட்டிருந்தது. அதுதான் வலித்தது.

வேலை முடிந்ததும் எழுதினான். 'துப்பாக்கி சர்க்காருடையது. இந்த நாட்டில் என்னைப் போன்றவன் அதை வைத்துக்கொள்ள முடியாது. எனக்குச் சொந்தம் பால்வெட்டுக் கத்தி ஒன்றுதான். படத்தை எரித்துவிடவும்.'

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மாமனார் எழுதியதல்ல, குண்டுகுண்டான எழுத்தில் நல்லம்மாளே எழுதியிருந்தாள். அந்தோணிதாஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, காளியண்ணன் லயத்து வாசலில் நின்று படித்தான்.

'அப்பாவுக்குக் கோபம்தான். நான் சமாதானம் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு வாரந்தோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பது நான்தான். அது இதுவரை ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. உங்கள் படத்தைப் பார்த்ததும், போகிற இடத்திலும் துடைக்க ஒன்றா என்று அழுதேன். இல்லை என்று தெரிந்ததும் சம்மதம் சொல்லிவிட்டேன். படத்தை எரித்தாயிற்று; முகத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். அந்தக் கத்தியைத் தீட்டுவது யார்?'

படம் எரிந்த நிம்மதியில் அந்தோணிதாஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். காளியண்ணன் உள்ளே ஓடிக் காகிதத்தை எடுத்தான். முதல் வரியிலேயே 'நான்தான்' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தான்.