பெருக்கிய காடு

காட்டை யாராவது பெருக்குவார்களா? எங்கள் ஊரில் பெருக்கினார்கள். விளக்குமாறு பிடித்துப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நுழைகிற இடத்தில் கோலம் வேறு போட்டு வைத்திருந்தார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் காலாப்பட்டுக்கு மேற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிக்கரையை ஒட்டி ஊருக்குப் பொதுவாகக் கொஞ்சம் நிலம் உண்டு. ‘தானே’ என்று பேர் வைத்த புயலில் அங்கிருந்த முந்திரியும் சவுக்கும் வேரோடு சாய்ந்த பிறகு, ஆடு மேயவும் ஆண்கள் சீட்டாடவும் தவிர அது எதற்கும் ஆகவில்லை. அங்கே ஒரு காட்டைக் கொண்டுவந்துவிடுவது என்று நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். அங்கம்மாள் அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பாலகுரு கனகசெட்டிக்குளத்துப் பையன், மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். நான் சுமலதா. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில்தான் எங்களுக்குக் காடு.

முதல் வருஷம் எல்லாரையும் போலக் குழி வெட்டி, கன்று வைத்து, சுற்றி மூங்கில் தப்பை கட்டினோம். கன்றை ஆடு தின்றது. மூங்கிலை மனிதர்கள் கொண்டுபோனார்கள். அப்புறம்தான் புத்தி வந்தது. சூரைமுள் புதருக்குள்ளேயே விதையை ஊன்றினோம். ஓரத்தில் இலையைக் கடிக்குமே தவிர, உள்ளே ஆட்டுக்கு வாய் நுழையாது. ஐப்பசி மழையில் ஊன்றுவோம். மார்கழியில் குனிந்து தேடி, முளைத்திருப்பதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, கடையில் ரவிக்கைத் துணி வெட்டும்போது மிஞ்சுகிற சிவப்புத் துண்டை அதில் கட்டுவோம். மாசியில் சருகு உதிரும். அதைத் தொடாமல் இருப்பதுதான் மாசி மாத வேலை, ஏனென்றால் கோடை முழுக்க மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சருகுதான். சித்திரையில் குடத்தில் தண்ணீர் சுமப்போம், பீடியை அணைக்காமல் வீசுகிறவர்களோடு சண்டை போடுவோம். அந்தச் சண்டை பெரும்பாலும் என் பொறுப்பு.

இப்படியே பாடுபட்டு, கரையோரம் புங்கனும் வேம்பும் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. முள்ளுக்குள்ளே நாவலும் இலுப்பையும் வீரையும் முழங்காலுக்கு வந்திருந்தன. வீரை சாமானியமாக வளராது. ஒரு சாண் வளர்வதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். எனக்கு விழுந்தது.

ஊர் என்ன சொன்னது? "சுமலதா பொதர் வளர்க்கிறா, பாம்பு வளர்க்கிறா" என்றது. கோயில் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, வீட்டுக்கு ஒருத்தர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்குக் கிரிக்கெட், இன்னொருத்தருக்கு இடுப்பு வலி. என் வீட்டுக்காரர் ஜானகிராமனுக்கே ஞாயிற்றுக்கிழமையில்தான் மோட்டார் காயில் கட்டும் வேலை வந்து குவியும். ஒரு ஆள், ஒரு நாள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் திருவிழாக் குழுத் தலைவர் ராஜவேல் அண்ணன், அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று கூட்டத்தில் எடுத்துவிட்டார். நான் சும்மா விடுவேனா? கத்தினேன். கடைசியில் இப்படி முடிவானது: ஆடி மாதம் வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து நேரில் பார்ப்பார். காடு என்று அவர் எழுதினால் அது என்றைக்கும் காடு, ஒருத்தரும் கை வைக்க முடியாது. காலி இடம் என்று எழுதினால் மண்டபம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டோம்.

அதற்கப்புறம் யாரோ ராஜவேல் அண்ணனிடம், காடு என்று எழுதிவிட்டால் ஊருக்கு விருது உண்டு, ஊர் சார்பில் நீங்கள்தான் மேடையேற வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு மனிதருக்கு மண்டபம் மறந்துவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நம்ம காடு, நம்ம காடு" என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நம்பினேன்.

ஆடித் தள்ளுபடி என்றால் எங்கள் கடையில் ஞாயிறும் கிடையாது, உட்காரவும் கிடையாது. அதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்றதும் அன்றைக்கு மட்டும் அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை ராஜவேல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒண்ணும் செய்யாதீங்க. இருக்கிறபடியே இருக்கட்டும்."

"நீ கவலப்படாதம்மா. பெரிய மனுஷங்க வராங்க. ஊருக்குன்னு ஒரு மரியாத இருக்குதில்ல?" என்றார்.

அந்த மரியாதை என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எதிரில் ஒரு அம்மா இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறு இரவு பஸ்ஸை விட்டு இறங்கியபோது கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. போன் வேறு செத்துக் கிடந்தது. வீட்டில் ஜானகிராமன் பின்கட்டு அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் போட்டு வைத்திருந்தார். அதிசயமாகத் தானே மொண்டு என் காலில் ஊற்றினார். "நாளைக்குக் காலையில பாரு சுமா, அசந்துடுவ" என்றார். மகராசன் என்று வாயாரச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். அசந்துதான் போனேன்.

புதர் ஒன்றுகூட இல்லை. சருகு இல்லை. கல்யாண வீட்டு வாசல் மாதிரி மண் பளிச்சென்று கிடந்தது, விளக்குமாற்றின் கோடுகூட அழியவில்லை. நிழலில் முளைத்திருந்த வேப்பங்கன்றுகளையெல்லாம் ஒடித்து வரிசையாகத் தோரணம் கட்டியிருந்தார்கள். நின்றிருந்த புங்க மரங்களுக்குக் கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் சருகைக் கொளுத்திய சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. அத்தனை வருஷமாக வராத ஊர், ஆணும் பெண்ணுமாக, சோறு ஆக்கிப் பொங்கித் தின்று, ஒரே நாளில் வந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. யார் கன்னத்திலாவது அறைய வேண்டும் போல இருந்தது.

நடுவில் ஒரே ஒரு முள்புதர் மட்டும் நின்றது. அதன் அடியில் அங்கம்மாள் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"போன் போட்டுப் போட்டு என் வெரலு தேஞ்சி போச்சிடி. பாலகுரு கடலூருக்கு லோடு போயிட்டான். நான் ஒருத்தி எத்தினி பேரத் தடுப்பேன்? கால் வலிக்குது, எழுந்திருக்க முடியலன்னு இங்கியே குந்திட்டேன். என்னத் தூக்கிப் போட்டுட்டு வெட்ட அவனுங்களுக்குக் கூச்சம். ராவுல வூட்டுக்குப் போயிட்டு விடியறதுக்குள்ள திரும்ப வந்துட்டேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். உள்ளே சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் சில. பக்கத்தில் வீரை, சின்னதாக, கெட்டியாக நின்றது. மற்றதெல்லாம் போய்விட்டது.

அதற்குள் மேளச் சத்தம். ராஜவேல் அண்ணன் வெள்ளை வேட்டியில், கையில் மாலையோடு வந்தார். பின்னால் ஊர். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரியம்மா மாலையை ஓரமாக வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"காடு எங்கங்க இருக்கு?"

"இதான் மேடம். பெருக்கி வச்சிருக்கோம்" என்றார் ராஜவேல் அண்ணன். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

"இதுல மரம் கொஞ்சம் இருக்கு. கீழ ஒண்ணுமே இல்லையே. கிரவுண்டு மாதிரி இருக்குது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இருந்துச்சு மேடம்! நேத்து வரைக்கும் இருந்துச்சு!" என்று கத்தினேன். ஊர்ப்பக்கம் திரும்பினேன். "வாங்க வாங்கன்னு நான் தொண்ட கிழியக் கூப்ட்டப்ப ஒருத்தராச்சும் வந்தீங்களா? ஒரு கொடம் தண்ணி ஊத்தினீங்களா? வெட்டறதுக்கு மட்டும் குடும்பத்தோட வருவீங்களோ? அதுக்குள்ள கன்னு இருக்குதுன்னு குனிஞ்சு பார்க்கக்கூடவா உங்களுக்குக் கண்ணு இல்ல?"

"என்னம்மா பேசற நீ?" ராஜவேல் அண்ணனுக்கு உண்மையாகவே முகம் சிவந்துவிட்டது. "உனக்காகத்தான ஊரே வேலயப் போட்டுட்டு வந்துச்சு? வர்றவங்க முன்னாடி முள்ளும் குப்பையுமாவா காட்டறது? நம்ம வூட்டுக்கு விருந்தாளி வந்தா அப்படித்தான் வச்சிருப்பமா?"

"இது வூடு இல்லண்ணே! காடு!"

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அதிகாரியம்மா அங்கம்மாள் அக்காவின் புதர்வரை நடந்து போய், குனிந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனுஷியாக இருந்து என்ன செய்வது?

"நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். இன்னைக்குப் பார்த்தது காலி இடம்" என்றார். "வேணும்னா ஒண்ணு செய்றேன். முடிவா எழுதாம வைக்கிறேன். மழை முடிஞ்சு மார்கழியில வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஜீப் போய்விட்டது. "அப்ப விருது?" என்று ராஜவேல் அண்ணன் யாரையோ கேட்டது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

பின்கட்டில் ஜானகிராமன் மறுபடியும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டு விறகு, முள்ளும் குச்சியுமாக. அடுப்பின் வாயில் பாதி எரிந்த குச்சி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துணி. கடையில் பார்சல் கட்டுகிற இரட்டை முடிச்சு. என் முடிச்சு.

"நீங்களும் போனீங்களா?"

"ஊரே போவும்போது நான் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? உனக்கு சந்தோஷமா இருக்கும்னுதான் சுமா..."

நேற்று என் காலில் ஊற்றிய வெந்நீர் எதில் கொதித்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகராசன் என்று வேறு சொன்னேனே! ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் கொட்டினேன். புகையும் சாம்பலும் அவர் முகத்தில் எழும்பின. எனக்கு இரக்கம் வரவில்லை.

"தூக்குங்க."

"எத?"

"இந்தக் கட்ட. தலையில வச்சித் தூக்குங்க. அக்காவோட பொதரச் சுத்தி இதப் போட்டு அடைக்கணும். இருக்கிறதையாச்சும் ஆடு திங்காம இருக்கட்டும்."

பட்டப்பகலில், முகத்தில் கரியோடு, முள்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் போனார். நான் பின்னால் போனேன். தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்போரம் அதே கட்டு கிடக்கும் என்று எனக்குத் தெரியும். "எடுத்ததக் கொண்டாங்க! எரிச்சது போவ மிச்சம் இருக்கிறதையாச்சும் கொண்டாங்க!" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினேன். சில கதவுகள் சாத்திக்கொண்டன. யாரோ சிரித்தார்கள்.

ஏரிக்கரையில் முள்ளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ராஜவேல் அண்ணனின் மனைவி தனக்கொடி வந்தார். இடுப்பில் ஒரு கட்டு. அதற்குள்ளிருந்து, பிடுங்கிய கன்றுகள் வேரோடு தொங்கின. இலை சுருண்டிருந்தது, வேரில் இன்னும் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"இத எங்க வைக்கணும் சுமலதா?"

"எங்க பிடுங்கனீங்களோ அங்கதான் அண்ணி."

தனக்கொடி அண்ணி அந்தப் பெருக்கிய மண்ணை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். வலது பக்கம் நாலு எட்டு வைத்தார், நின்றார், திரும்பி வந்தார்.

"எங்கன்னு தெரியலியேம்மா" என்றார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே."