காருக்கு வைத்த பிளக்

தன்னுடைய ஒன்பது ஏக்கர் தோப்பில் புல் வெட்டப் பெட்ரோல் மிஷின் நல்லதா, பேட்டரி மிஷின் நல்லதா என்று கல்யாணம் சார் என்னிடம் கேட்டார். "ஓட்டப் போறது நீதானே செம்மொழி, நீயே சொல்லு" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பேட்டரி என்றேன். காரணம் என் கை. ஏழு வருடமாகப் பெட்ரோல் மிஷினைத் தோளில் மாட்டி ஓட்டியதில் அதன் அதிர்வு விரல்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. டீ கிளாஸைப் பிடித்தால் பிடித்தது தெரியாது. மகள் குந்தவைக்குப் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட முடியவில்லை. இப்படியே ஓட்டினால் விரல் சுத்தமாக மரத்துப்போகும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் திட்டி அனுப்பினார்.

பேட்டரி மிஷின் வந்தது. சத்தமில்லை, புகையில்லை, கை ஆடவில்லை. ஆனால் இரண்டே பேட்டரி. ஒன்று முக்கால் மணி நேரம் ஓடும். திரும்ப ஏற ஒன்றரை மணி நேரம். மோட்டார் கொட்டகையில் போடலாமா என்றேன். அது பம்புசெட்டுக்கு மட்டும் கொடுத்த இலவச கரண்ட், கேஸாகிவிடும் என்றார் சார். சரி, நியாயம். அதனால் வீட்டுக்குள்தான் போட வேண்டும். நான் பேட்டரியைக் கொல்லைப்படியில் வைப்பேன். அவர் மனைவி பாகீரதி அம்மா துணியால் துடைத்து உள்ளே எடுத்துப் போவார். ஹாலில், ஃபேனுக்கு அடியில், ஸ்டூல் மேல் வைப்பார். பதினொரு வருடமாக இங்கே வேலை பார்த்தும் நான் போகாத ஹாலுக்கு அது வந்த அன்றே போய்விட்டது.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கொல்லைக் கதவு சாத்தியிருக்கும். தட்டக் கூடாது. ஏறின பேட்டரி உள்ளே, நான் வெளியே. கொல்லைச் சுவரில் ஒரு பிளக் வைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டேன். "பழைய சுவர்ம்மா, ஓட்டை போட்டா பொளந்துக்கும்" என்றார் சார். நாலு நாளில் முடிகிற புல் பத்து நாளாகியும் முடியவில்லை. "வேலை இழுத்துண்டே போறதே" என்று என்னையே சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவும் என் தப்புதான்.

போன வாரம் எலக்ட்ரீஷியன் அன்சார் வந்தார். முன்வாசலில் அதே பழைய சுவரைத் துளைத்துப் போர்ட்டிகோவில் பெரிய பிளக் ஒன்றும் சின்னது ஒன்றும் வைத்தார். சாருடைய மகன் ராகவேந்திரா பெங்களூரிலிருந்து பேட்டரி காரில் தீபாவளிக்கு வருகிறாராம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

மறுநாள் காலை பாகீரதி அம்மாவிடம் சார்ஜரைக் கேட்டு வாங்கி, போர்ட்டிகோவின் சின்ன பிளக்கில் பேட்டரியை நானே செருகினேன். கல்யாணம் சார் பேப்பரோடு வெளியே வந்தார். அவர் கோபப்படவில்லை. எப்போதுமே கோபப்பட மாட்டார், அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கும்.

"இது காருக்கும்மா. உனக்கும் பேட்டரி சரிப்படலை போலருக்கு. பழைய பெட்ரோல் மிஷினையே எடுத்துக்கோ. அதுக்குக் கரண்ட்டே வேண்டாம் பாரு."

கொட்டகையிலிருந்து பெட்ரோல் மிஷினைத் தூக்கிவந்து கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் அலறியது.

"ஒரு நிமிஷம் புடிங்க சார். ஆக்சிலேட்டர தொடாதீங்க, பிளேடு சுத்தாது."

"நான் எதுக்கு..."

"புடிங்க சார்!"

அவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. பிடித்தார். பேப்பர் கீழே விழுந்தது, கண்ணாடி மூக்கில் இறங்கியது. அரை நிமிஷம்கூட இருக்காது, "எடு, எடு" என்று என்னிடமே நீட்டினார். வாங்கி அணைத்தேன். உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் சார். ஏழு வருசம். காருக்குப் பொளக்காத சுவரு என் கைக்குன்னா பொளந்துருமா?"

பேட்டரியின் நாலு சார்ஜ் விளக்கில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. நாலும் எரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதைப் பிடுங்காமல் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.