பத்துமலையின் இடது தோள்

அரசாங்க இலாகாவில் குழி தோண்டுகிற வேலை பத்துமலைக்குப் பேருக்குத்தான். சோறு போட்டது ரக்பி. லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வலது தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க மேட்டில் ஓட்டமாய் ஏறினவனைப் பார்த்துவிட்டுத்தான் துரைசிங்கம் ஈப்போவுக்குக் கூட்டிவந்தார். இலாகாவின் பெரிய கிராணி, தலைமை எழுத்தர் அவர். இலாகாவின் ரக்பி அணியை நடத்துகிறவரும் அவரே. வருஷா வருஷம் வேலைச் சீட்டை அவர்தான் புதுப்பித்துத் தருவார். அப்படியே ஒன்பது வருஷம் ஓடி 1978 வந்துவிட்டது. பத்துமலைக்கு முப்பத்திரண்டு வயசு.

அத்தனை வருஷமும் முன்வரிசையில் இடது ஓரம்தான். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்கிரமில் அந்த இடத்துக்காரனுக்கு வலது தோள் போதும். வலது தோளில் அவனை அசைத்தவன் பேரா மாநிலத்திலேயே கிடையாது.

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வலது ஓரத்துக்காரனுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது.

“ஐசே பத்துமலை, நீர் வலப்பக்கம் போம். இடப்பக்கத்துக்கு எனக்கு ஆள் இருக்கு,” என்றார் துரைசிங்கம்.

“அங்க ரெண்டு தோளும் வேணும் சார். என் இடது தோள் எதையுமே தூக்குனதில்ல.”

“நிண்டு பிடிச்சீரெண்டால் நிரந்தர வேலைக்கு உம்மட பேரை எழுதுவன். பிடிக்காட்டி அடுத்த வருஷச் சீட்டுக்கே நான் ஒண்டும் செய்யேலாது காணும்.”

வீட்டில் சொன்னதும் மனைவி வீரம்மா வெடித்தாள். அவளும் அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டினவள்.

“வாளி தூக்குறப்ப பாதி வழியில தோள் மாத்துன்னு எத்தனை தடவ சொன்னேன்! மாத்துறவன் பொம்பளைன்னு பல்லக் காட்டுனீங்கள்ல, ஆம்பளைங்க எல்லாம்? இப்ப பாரு.”

அவள் சொன்னது உண்மை. தோட்டத்து ஆண்களின் வீம்பு அது. மறுநாளே பத்துமலை இரண்டு வாளியில் மணலை நிரப்பி, கம்பை இடது தோளில் வைத்து, வீடு இருந்த சிலிபின் சந்தில் நடக்க ஆரம்பித்தான். அடுத்த வீட்டுச் சீனி வாசலில் நின்று சிரித்தான். ஸ்கிரமில் நடுவில் நின்று இவனைக் கட்டிப்பிடிக்கிறவனும் அவன்தான்.

“என்ன மச்சான், தோட்டத்துக்கே திரும்பிப் போறியா?”

“ஆமா லா. உன்னையும் வாளியில போட்டுத் தூக்கிட்டுப் போறேன்.”

நாலாம் நாள் தோல் உரிந்தது. ஆறாம் நாள் வீரம்மா மஞ்சளை அரைத்துப் பூசினாள். அப்புறமும் நடந்தான்.

தைப்பிங் திடலில் ஆட்டத்தன்று மழை கொட்டியது. முதல் ஸ்கிரமிலேயே பழக்கம் காலை வாரியது. வலது தோளையே முன்னே கொடுத்தான். உடம்பு கோணி, மொத்தக் கூட்டமும் சேற்றில் சரிந்தது. தண்டனை உதையில் எதிரணிக்கு மூன்று புள்ளி. அடுத்ததிலும் அதே கதை, இன்னொரு மூன்று.

“கோணிக்கிட்டு நிக்கிறடா, என் கழுத்து போயிரும்!” என்று சீனி சேற்றைத் துப்பினான்.

வழுக்குகிற மேட்டில் பால் சுமப்பவன் நிமிர்ந்து நடப்பதில்லை. முழங்காலை மடக்கி, கட்டைவிரலை மண்ணில் குத்தி, காலடியைக் குறுக்குவான். மூன்றாம் ஸ்கிரமில் பத்துமலை அப்படிக் காலை ஊன்றி, இந்தத் தடவை இடது தோளை வேண்டுமென்றே முதலில் கொடுத்தான். ஆறிவந்த புண் பிளந்தது. கண் இருட்டியது. கால் மட்டும் பின்னால் போகவில்லை. ஒரு எட்டு முன்னே வைத்தான். இன்னொன்று வைத்தான். அவன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

கடைசி நிமிஷம். இரண்டு தடவை எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து, எட்டுக்கு ஆறு என்று இவர்கள் முன்னால். ஆனால் ஸ்கிரம் இவர்கள் கோட்டுக்கு ஐந்து கஜத்தில், பந்து எதிரணியுடையது. மூன்று தடவை முட்டினார்கள், மூன்று தடவையும் நின்றான். நாலாவதில் எதிராளியின் முதுகு வளைந்து மேலே எழும்பியது. சீனி காலால் பந்தைத் தட்டிப் பறித்தான். யாரோ வெளியே உதைத்தார்கள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

துரைசிங்கம் வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் இறங்கி வந்தார்.

“திங்கக்கிழமை என்ர மேசைக்கு வாரும். நிரந்தர வேலைக்கு உம்மட கையெழுத்து வேணும்.”

“அடுத்த வருஷம் எந்தப் பக்கம் சார்?”

“நீரே சொல்லும்.”

“வலப்பக்கமே இருக்கட்டும் சார். இப்பத்தான் பழகியிருக்கு.”

1984 வரைக்கும் அந்த ஓரத்தில் வேறு ஆளைப் போடவில்லை. கடைசி இரண்டு வருஷம் எதிரணிக்காரர்கள் அவன் பக்கமாகத் தள்ளுவதையே விட்டுவிட்டார்கள்.