கருத்துக்கு நன்றி

எங்கள் சலவைக்கூடத்து மேனேஜருக்கு ஞானம் பிறந்ததிலிருந்து அவரைச் சகிப்பது இன்னும் கடினமாகிவிட்டது. முன்பெல்லாம் கத்துவார், கத்தி முடித்ததும் காரியம் பாதியாவது நடக்கும். தலைமைப் பண்பு வகுப்பில் சேர்ந்த பிறகு கத்துவதில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "உங்க கருத்துக்கு நன்றி" என்கிறார். அதோடு சரி.

அதே மாலை வகுப்பில் நானும் படிக்கிறேன். ஷிப்ட் பொறுப்பாளர் வேலை காலியாகிறது. அவர் பரிந்துரைத்தால்தான் எனக்குக் கிடைக்கும். ஆகவே முதல் வரிசையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பயிற்சியாளர் சொல்வதையெல்லாம் தலைப்பு போட்டு எழுதிக்கொள்வேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று அந்த நன்றியைச் சொல்லிப் பார்த்ததும் உண்டு. எனக்கு வரவில்லை. அவருக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

போன வாரம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள்: உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் உங்கள் குறை ஒன்றைக் கேட்டு வாருங்கள். மறுநாள் காலை மேனேஜர் நேராக இஸ்திரி அக்காவிடம் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான ரோலருக்குள் தள்ளுவது அக்காவின் வேலை. விரல் உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி கழன்று, ஒரு துணிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட என்ன குறை இருக்கு? மனசுல இருக்கறத சொல்லுங்க."

"உங்ககிட்ட ஆயிரம் இருக்கும் சார், அது உங்க வீட்டம்மா பாடு. இந்தக் கம்பிய மாட்டுங்க. நேத்து சுண்டுவிரல் வெந்துபோச்சு. அடுத்து கையே போயிடும்."

மேனேஜர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். "நான் சரியா காது கொடுக்கறதில்லன்னு புரியுது. கருத்துக்கு நன்றி."

அன்று மாலை வகுப்பில் இதையே பேசினார். "ஒரு சாதாரண தொழிலாளி என் கண்ணத் திறந்துட்டாங்க" என்றபோது குரல் தழுதழுத்தது. கைதட்டல். பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நோட்டில் 'கம்பி?' என்று எழுதி அடிக்கோடு இட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பிடும்போது அக்கா கேட்டாள்.

"அங்க என்னதாண்டி சொல்லித் தர்றாங்க?"

"யாராவது குறை சொன்னா எதிர்த்துப் பேசக் கூடாதுக்கா. நன்றி சொல்லணும்."

"அப்புறம்?"

"அதுக்கு மேல பாடம் வரல."

அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அடிப்பாவி, இதுக்கா பஸ் ஏறிப் போயிட்டு வர்ற?"

சாப்பிட்டு வந்ததும் அவள் ரோலரை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தள்ளுவண்டியில் விரிப்புகள் மலையாகக் குவிந்தன. மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன வேடிக்கை? ஆஸ்பத்திரி வண்டி வந்துடும், ஓட்டுங்க!"

அக்கா கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். "கருத்துக்கு நன்றி சார்."

மடிக்கும் மேசைப் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"நீ வாம்மா. நீயாவது படிச்ச பொண்ணு, பொறுப்பாளர் ஆகப்போறவ. ஓட்டு."

கயிற்றில் ஆடிய கம்பியைப் பார்த்தேன். என் பதவியும் அதே கயிற்றில்தான் தொங்கியது. கண்ணாடி முன் வராதது அப்போது வந்தது.

"கருத்துக்கு நன்றி சார்."

கூடமே சிரித்தது. அவர் கத்தினார். கழுத்து நரம்பு புடைக்க, ஞானம் பிறப்பதற்கு முந்தைய அதே பழைய கத்தல். கத்திக்கொண்டே ஃபிட்டருக்குப் போன் செய்தார். வண்டி வருவதற்குள் கம்பி அதன் இடத்தில் ஏறிவிட்டது.

பொறுப்பாளர் வேலை அவருடைய மச்சினனுக்குப் போயிற்று. நேற்று வகுப்பில், தன் குழுவை எப்படி மாற்றினார் என்று அவர் பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தபடியே நோட்டைப் புரட்டி, 'கம்பி'க்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.